திருவாதிரை இன்னும் இருக்கிறதா? நிறை மிகுந்த விண்மீன் ஏன் முதலில் மாய்கிறது?

பொங்கோல் தாய் | வெள்ளி, இரவு 11.10

வணக்கம். வானியலை ஆழ்ந்து அறிந்தவர்கள் இங்கே பலர் இருப்பதால், என் மகளின் இரண்டு கேள்விகளை உங்கள் முன் வைக்கிறேன். அவள் உயர்நிலை இரண்டில் படிக்கிறாள். வாரக்கணக்கில் மூடியிருந்த வானம் இன்று தெளிந்திருந்ததால், எங்கள் புளோக்குக்கு எதிரே உள்ள பலமாடி வாகன நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்கு இருவரும் ஏறிச் சென்றோம். இரவு ஒன்பதரை மணியளவில் ஏறத்தாழத் தலைக்கு நேர் மேலே செந்நிறத்தில் ஒரு விண்மீன் தெரிந்தது. சிறுவயதில் என் தாயார் மொட்டைமாடியில் காட்டிக்கொடுத்த அதே திருவாதிரைதான் அது.

எங்கள் உறவினர் ஒருவர், கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் பெரும்பாலானவை எப்போதோ மடிந்துவிட்டன என்றும், அவற்றின் பழைய ஒளி மட்டுமே வந்துகொண்டிருக்கிறது என்றும் அவளிடம் சொல்லியிருக்கிறார். இது உண்மையா? அடுத்தது அவளது பாடக்குறிப்பில் இருந்து வந்த கேள்வி. நிறை மிகுந்த விண்மீனுக்கு ஆயுள் குறைவு என்று அதில் எழுதியிருக்கிறது. "பெரிய டப்பாவில் அரிசி இருந்தால் அதிக நாள் வரவேண்டும் அல்லவா, அம்மா?" என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

ஜூரோங் இரவுவான் | சனி, காலை 8.25

வணக்கம் அம்மா. இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதன் விடை தெரிந்துவிட்டால் முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லிவிடலாம்.

அரிசி டப்பா நல்ல உவமை. அந்த வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதை அதோடு சேர்த்துக்கொண்டால் போதும். விண்மீன் என்பது தன் எடையாலேயே உள்நோக்கி நொறுங்கப் பார்க்கின்ற வாயுக் கோளம். உள்ளே இருக்கும் சூடான வாயுவின் அழுத்தம் அதை நொறுங்கவிடாமல் தாங்கி நிற்கிறது. நிறை கூடினால் தாங்க வேண்டிய சுமை கூடும். சுமை கூடினால் உட்புறம் இன்னும் சூடாக வேண்டும். சூடு கூடினால் வெளியே கசிந்துபோகும் ஒளி பன்மடங்காகும். அப்படிக் கசிந்ததை ஈடுகட்டும் அளவுக்கு, மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும் வேகமும் தானாகவே உயர்ந்துவிடுகிறது.

நம் சூரியனின் மையம் ஏறத்தாழ 1.5 கோடி பாகை வெப்பத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் அளவிலான நிறை ஆற்றலாக வெளியேறுகிறது. இந்த வேகத்தில் சூரியனின் கையிருப்பு மொத்தம் 1,000 கோடி ஆண்டுகளுக்குத் தாங்கும். அதில் 460 கோடி ஆண்டுகள் கழிந்துவிட்டன. இப்போது சூரியனைப்போல் 10 மடங்கு நிறையுள்ள விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒளிர்வு 10 மடங்கில் நிற்பதில்லை, சில ஆயிரம் மடங்காகிவிடுகிறது. இருப்பு 10 மடங்கு, செலவோ சில ஆயிரம் மடங்கு. ஆகவே அதன் ஆயுள் இரண்டு மூன்று கோடி ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு சான்று உங்கள் கண்முன்னே இருக்கிறது. திருவாதிரைக்குத் தென்கிழக்கே, இரவு வானின் விண்மீன்களிலேயே மிகப் பிரகாசமான சிரியஸைப் பார்த்திருப்பீர்கள். அது 8.6 ஒளியாண்டு தொலைவில் உள்ள இரட்டை விண்மீன் (ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரமே ஓர் ஒளியாண்டு). நமக்குத் தெரிவது சூரியனைப்போல் இரு மடங்கு நிறையுள்ள முதன்மை விண்மீன்; அதைச் சுற்றி வரும் துணையோ பூமி அளவே உள்ள வெண்குறுமீன், அதாவது ஏற்கெனவே மாய்ந்த ஒரு விண்மீனின் எச்சம். சிரியஸின் போக்கு நேராக இல்லாமல் தள்ளாடுவதைக் கண்ட வானியலாளர் பெசல், கண்ணுக்குத் தெரியாத துணை ஒன்று இருக்க வேண்டும் என்று 1844 இல் அறிவித்தார். 1862 இல் ஆல்வன் கிளார்க் அதைத் தொலைநோக்கியில் கண்டார். இரண்டும் ஒரே காலத்தில், ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்தவை. மாய்ந்துபோன துணை தொடக்கத்தில் சூரியனைப்போல் 5 மடங்கு நிறையுடன் இருந்தது என்பது மதிப்பீடு. உடன்பிறந்தவற்றுள் பெரியது முதலில் போய்விட்டது, சிறியது இன்றும் ஒளிர்கிறது. உங்கள் மகளிடம் இந்த இரட்டையரைக் காட்டுங்கள்.

உபின் நடையர் | சனி, காலை 10.02

இரவுவான் அண்ணனின் விளக்கம் அருமை. ஆனால் முதல் கேள்வியில் அந்த உறவினர் சொன்னதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். புலாவ் உபினில் இரவு நடைக்கு இளையர்களை அழைத்துச் செல்லும்போது பல ஆண்டுகளாக நானும் அதையே சொல்லி வருகிறேன். ஒளி வந்து சேர நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்போது, அதற்குள் பல விண்மீன்கள் மடிந்திருக்கத்தானே வேண்டும்? நிறை மிகுந்தவற்றுக்கு ஆயுள் குறைவு என்று நீங்கள் சொன்னதும் இதற்கு வலுச் சேர்க்கிறது. கண்ணுக்கு எளிதில் தெரிபவை பெரும்பாலும் அத்தகைய பேரொளி விண்மீன்கள் அல்லவா?

ஜூரோங் இரவுவான் | சனி, காலை 11.40

கண்ணுக்கு எளிதில் தெரிபவை பேரொளி விண்மீன்கள் என்ற உங்கள் கருத்தை முழுமையாக ஏற்கிறேன். முடிவை ஏற்க முடியவில்லை. ஏன் என்பதை எண்களை வைத்தே பார்ப்போம்.

வெறும் கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களில் மிகப் பெரும்பாலானவை சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் இருக்கின்றன. ரோகிணி 65, சித்திரை 250, அகத்தியர் ஏறத்தாழ 310, ரைஜல் ஏறத்தாழ 860 ஒளியாண்டு. அவற்றின் ஆயுளோ, மிகக் குறுகியது என்று சொல்லப்படுபவற்றுக்கே பல லட்சம் ஆண்டுகள், மற்றவற்றுக்குப் பல கோடி. செய்தி வந்து சேரும் நேரம் ஆயுளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. வெளியூரில் இருக்கும் உறவினரின் கடிதம் மூன்று நாளில் நம் கைக்கு வருகிறது என்பதற்காக, எழுதியவர் இறந்திருப்பார் என்று நாம் கருதுவதில்லை.

மிகவும் ஐயத்துக்கு இடமானது திருவாதிரைதான். அதன் ஹைட்ரஜன் இருப்பு மையத்தில் தீர்ந்துவிட்டது. அது பெருஞ்செம்மீனாக, அதாவது சிவந்த மாபெரும் விண்மீனாக வீங்கி நிற்கிறது. தொலைவு ஐந்நூறுக்கும் எழுநூறுக்கும் இடைப்பட்ட ஒளியாண்டுகள் என்று கணிக்கப்படுகிறது. அடுத்த ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் அது வெடிக்கும் என்பது பரவலான மதிப்பீடு. ஒளியின் பயண நேரத்தை 600 ஆண்டு என்று வைத்துக்கொண்டால், நாம் அறியாமல் அது வெடித்து முடிந்திருப்பதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை. 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் அது திடீரென மங்கியபோது பலரும் வெடிப்பு நெருங்கிவிட்டதென்று எண்ணினர். அதுவே உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்ததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். 10,000 கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்கள் உள்ள நம் பால்வழியில் நூற்றாண்டுக்கு ஓரிரு விண்மீன் வெடிப்புகளே நிகழ்வதாகக் கணிக்கிறார்கள். வெறும் கண்ணால் பார்த்த கடைசிப் பால்வழி வெடிப்பு 1604 இல். இருண்ட வானில் நம் கண்ணுக்கு எட்டும் விண்மீன்கள் வானம் முழுவதையும் சேர்த்து ஆறாயிரம் அளவுதான். அவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன என்று சொல்ல எந்த வழியும் இல்லை.

இயற்பியல் ஆசிரியை | சனி, மதியம் 1.15

இந்த இழையைப் படித்தபோது வகுப்பில் நான் வழக்கமாகச் சந்திக்கும் ஒரு சிக்கலையும் சொல்லத் தோன்றியது. விண்மீன் "எரிகிறது" என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். பேச்சில் அதை நான் தடுப்பதில்லை; ஆனால் விடைத்தாளில் "அணுக்கரு இணைவு" என்று எழுதச் சொல்வேன். எரிதல் என்பது ஆக்சிஜனுடன் சேரும் வேதிவினை. சூரியன் முழுவதும் நிலக்கரியாக இருந்து அப்படி எரிந்திருந்தால் சில ஆயிரம் ஆண்டுகளில் தீர்ந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெல்வினும் ஹெல்ம்ஹோல்ட்ஸும் சூரியன் தன் எடையால் சுருங்குவதாலேயே வெப்பம் வருகிறது என்று கணித்தார்கள். அதுவும் சில கோடி ஆண்டுகளுக்குமேல் போதவில்லை. விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்பதை 1925 இல் சிசிலியா பேய்ன் தம் ஆய்வேட்டில் காட்டினார். அவர் கண்டறிந்ததை அவராலேயே உறுதியாக எழுத முடியாதபடி மூத்த அறிஞர்கள் தயங்க வைத்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. இணைவு எப்படி நடக்கிறது என்பதை 1939 இல் ஹான்ஸ் பெத்தே விளக்கினார்.

"எரிகிறது" என்று நினைக்கும் பிள்ளை, தீ அணைந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் நினைத்துவிடுகிறது. விண்மீனில் எரிபொருள் தீர்ந்ததும் ஈர்ப்பு மீண்டும் மேலோங்குகிறது, மையம் சுருங்குகிறது, சுருங்குவதாலேயே இன்னும் சூடாகிறது. அதனால் விண்மீனின் முதுமை அதன் இளமையைவிட ஆரவாரமானது.

உபின் நடையர் | சனி, மாலை 6.30

இரவுவான் அண்ணனின் கணக்கைத் தாளில் எழுதிப் பார்த்தேன். நான் சொல்லி வந்தது தவறு. அடுத்த நடையில் இளையர்களிடம் திருத்திச் சொல்வேன். ஆசிரியை அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: நம் சூரியனும் கடைசியில் வெடிக்குமா?

இயற்பியல் ஆசிரியை | சனி, இரவு 9.50

வெடிக்காது; அதற்கு வேண்டிய நிறை சூரியனிடம் இல்லை. ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் மையத்தில் ஹைட்ரஜன் தீரும்போது மையம் சுருங்க, வெளிப்புறம் ஏறத்தாழ இருநூறு மடங்கு விரியும். புதனையும் வெள்ளியையும் விழுங்கிவிடும். பூமி தப்புமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் பூமியின் உயிர்களுக்கு அவ்வளவு காலம் கிடையாது. சூரியனின் ஒளிர்வு 100 கோடி ஆண்டுக்கு ஏறத்தாழப் பத்து விழுக்காடு கூடிக்கொண்டே போவதால், கடல்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வற்றிவிடும். இப்படிச் சிவந்து வீங்கிய செம்பெருமீனான பின் மையம் 10 கோடி பாகையை எட்டும்போது ஹீலியம் இணைந்து கார்பனும் ஆக்சிஜனும் உருவாகும். அதற்குமேல் சூடாக்க எடை போதாது. வெளிப்படலங்கள் மெல்ல விலகி ஒளிரும் முகிலாகிக் கலைய, உள்ளே பூமி அளவுள்ள வெண்குறுமீன் எஞ்சும்.

அந்த எச்சம் எதனால் நொறுங்காமல் நிற்கிறது என்பதில்தான் நம்மவர் ஒருவரின் கதை வருகிறது. வெண்குறுமீனில் இணைவு இல்லை. நெருக்கி அடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள், இதற்குமேல் நெருங்க முடியாது என்று குவாண்டம் விதிப்படி தரும் எதிர்ப்பே அதைத் தாங்குகிறது. லாகூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930 இல் தம் பத்தொன்பதாம் வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது இதைக் கணக்கிட்டார். எலக்ட்ரான்கள் ஒளிவேகத்தை நெருங்கும்போது அந்த எதிர்ப்பு தளர்ந்துவிடும் என்பதையும், ஆகவே ஒரு வரம்புக்குமேல் நிறையுள்ள வெண்குறுமீன் நிலைத்திருக்க முடியாது என்பதையும் அவர் கண்டார். பின்னர் செம்மைப்படுத்தப்பட்ட அந்த வரம்பு, சூரிய நிறையைப்போல் 1.4 மடங்கு.

1935 ஜனவரியில் லண்டனில் அவர் இதை முன்வைத்தபோது, அக்காலத்தின் மிகப் பெரிய வானியலாளரான எடிங்டன் அதே மேடையில் எழுந்து அதை மறுத்தார். ஒரு விண்மீன் அப்படி முடிவில்லாமல் நொறுங்குவதை இயற்கை அனுமதிக்கக் கூடாது என்பது அவரது நிலை. சந்திரசேகர் மனம் நொந்தாலும் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. பின்னர் சிக்காகோவில் வேறு துறைகளில் ஆழ்ந்து பணியாற்றினார். 1983 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. கப்பல் பயணத்துக்கும் பரிசுக்கும் இடையே 53 ஆண்டுகள். விண்மீனின் முடிவை அதன் நிறை முடிவு செய்கிறது என்று நாம் இன்று எளிதாகச் சொல்லும் வாக்கியத்தின் மையத்தில் அந்த 1.4 இருக்கிறது. இதைப் பாடத்தில் ஒரே வரியில் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை.

பிடோக் முதியவர் | ஞாயிறு, காலை 7.05

எடிங்டன் அனுமதிக்க மறுத்த அந்த நொறுங்கல் நடந்ததன் ஒளியை நான் பார்த்திருக்கிறேன். 1987 பிப்ரவரி 24 அன்று, பால்வழிக்கு அருகே உள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் முகிலில் ஒரு விண்மீன் வெடித்திருப்பதைச் சிலியில் கண்டார்கள். நாம் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்குள் வடக்கே இருப்பதால், அந்த முகில் நமக்குத் தெற்கே தாழ்வாக எழும். ஐரோப்பியர்களுக்கு அதுவும் தெரியாது. மார்ச் மாதம் நண்பர்களுடன் ஜொகூரில் தெசாரு கடற்கரைக்குச் சென்றேன். இருட்டியதும் தெற்கே, படத்தில் குறிக்கப்படாத ஒரு புள்ளியை இருகண்நோக்கியில் கண்டோம். பிறகு கண்களாலேயே பிடித்துக்கொண்டோம். அன்று அனைவரும் நெடுநேரம் பேசாமல் நின்றது நினைவில் இருக்கிறது.

அந்த விண்மீன் சூரியனைப்போல் ஏறத்தாழ 20 மடங்கு நிறையுடையது. இத்தகையவை ஹீலியத்தோடு நிற்பதில்லை. மையம் மேலும் மேலும் சுருங்கிச் சூடாகி, கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கான் என்று அடுத்தடுத்து இணைகின்றன. ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிட வேகமானது: 25 மடங்கு நிறையுள்ள விண்மீனுக்கு ஹைட்ரஜன் 70 லட்சம் ஆண்டுகள் தாங்கினால், கார்பன் சில நூறு ஆண்டுகள், ஆக்சிஜன் சில மாதங்கள், சிலிக்கான் ஏறத்தாழ ஒரே நாள். கடைசியில் மையத்தில் இரும்பு சேர்கிறது. இரும்பை இணைத்தால் ஆற்றல் கிடைப்பதில்லை, செலவாகிறது. அந்த இரும்பு மையம் சந்திரசேகர் வரம்பைத் தாண்டும்போது ஒரு விநாடிக்குள் உள்ளே விழுந்துவிடுகிறது. ஆசிரியை சொன்ன 1.4 இங்கேதான் திரும்பி வருகிறது.

விழும்போது வெளியேறும் ஆற்றலில் மிகப் பெரும் பங்கை நியூட்ரினோ துகள்கள் கொண்டுசெல்கின்றன. ஒளி தெரிவதற்குச் சில மணிநேரம் முன்பாகவே, ஜப்பானின் கமியோகாண்டே உள்ளிட்ட மூன்று கருவிகளில் அவற்றுள் ஏறத்தாழ 25 துகள்கள் பதிவாயின. வெடிப்பு நடந்தது 1.68 லட்சம் ஒளியாண்டு தொலைவில். உபின் நடையர் அவர்களே, நீங்கள் சொல்லி வந்தது இந்த ஒரு விண்மீனுக்குப் பொருந்தியது: அதன் ஒளி பூமியை நோக்கிப் பயணித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அது இல்லாமல்தான் இருந்தது. ஆனால் அது நம் பால்வழியில் இல்லை, வெறும் கண்ணுக்கு முன்பு தெரிந்ததும் இல்லை.

ஜூரோங் இரவுவான் | ஞாயிறு, காலை 9.20

ஐயாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்த வெடிப்பின் இடிபாடுகளுக்குள், நொறுங்கிய மையத்தின் எச்சமான நியூட்ரான் விண்மீன் ஒன்று இருப்பதற்கான வலுவான அடையாளங்கள் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பதிவுகளில் கிடைத்திருப்பதாக 2024 இல் அறிவித்தார்கள்; உங்கள் தெசாரு இரவுக்கு 37 ஆண்டுகளுக்குப் பின். நியூட்ரான் விண்மீனின் விட்டம் ஏறத்தாழ 20 கிலோமீட்டர், அதாவது உட்லண்ட்ஸிலிருந்து செந்தோசாவுக்கு நேர்க்கோட்டில் உள்ள தூரம். அதற்குள் சூரியனைவிட அதிக நிறை அடங்கியிருக்கிறது. அதையும் தாங்க முடியாத அளவுக்கு நிறை எஞ்சினால் கருந்துளைதான். 2017 ஆகஸ்ட் 17 அன்று 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதன் அதிர்வு பதிவானது. தங்கம் போன்ற கனமான தனிமங்கள் அத்தகைய மோதலில் உருவாவதற்கு அதன் ஒளியில் சான்று கிடைத்தது. சிராங்கூன் சாலை நகைக்கடைகளைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

பொங்கோல் தாய் | ஞாயிறு, இரவு 11.30

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மகளும் நானும் இந்தப் பதிவுகளை ஒன்றாக உட்கார்ந்து படித்தோம். பிறகு அண்டை வீட்டுக்காரரிடம் இருகண்நோக்கியை இரவல் வாங்கிக்கொண்டு மீண்டும் மேல்தளத்துக்குச் சென்றோம். உலகிலேயே இரவு வானம் மிகவும் வெளிச்சமாக உள்ள நாடு சிங்கப்பூர் என்று 2016 இல் வெளியான ஒளி மாசு வரைபடம் காட்டியதாம். ஆனாலும் வேண்டியதெல்லாம் அந்த ஒரு பக்கத்து வானிலேயே இருந்தது. வேட்டைக்காரன் (ஓரியன்) விண்மீன் கூட்டத்தின் இடைவாருக்குத் தெற்கே தொங்கும் வாளில் மங்கலான பனிமூட்டம்போல் ஓரியன் முகிலைக் கண்டோம். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தொலைவில் இன்றும் விண்மீன்கள் பிறக்கும் இடம். மேற்கே கார்த்திகைக் கூட்டம், பிறந்து ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளே ஆன இளையவை. அதற்கு அருகில் ரோகிணி; சூரியனைவிடச் சற்றே கூடுதல் நிறையுள்ள அது இப்போதே 40 மடங்குக்குமேல் வீங்கிய செம்பெருமீன் என்பதால், சூரியனின் முதுமை இப்படித்தான் இருக்கும் என்று அவளே சொன்னாள். பிறகு திருவாதிரை, பிறகு சிரியஸ், அதன் அருகே எங்களுக்குத் தெரியாத அந்த வெண்குறுமீன். ரோகிணிக்கு அப்பால், எருது விண்மீன் கூட்டத்தின் கொம்பு நுனி அருகே, 1054 இல் சீனர்கள் பகலிலும் பார்த்ததாக எழுதிவைத்த வெடிப்பின் எச்சமான நண்டு முகில் இருக்கும் இடத்தையும் வரைபடத்தை வைத்துக் குறித்துக்கொண்டாள். இருகண்நோக்கியில் அது எங்களுக்கு எட்டவில்லை.

டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன, திருவாதிரைக்கோ வயது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுதான் என்று எங்கோ படித்தவள், "அப்படியானால் டைனோசர்கள் திருவாதிரையைப் பார்த்ததே இல்லை" என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினாள். வேட்டைக்காரன் மே மாதத்துக்குள் மேற்கே மறைந்துவிடும் என்கிறார்கள். அதன்பின் பார்க்கத் தகுந்த முதிய விண்மீன் எது என்று கேட்கிறாள்.

பிடோக் முதியவர் | திங்கள், காலை 6.50

கேட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள் அம்மா. ஜூன் மாதம் இரவு ஒன்பது மணிக்குத் தென்கிழக்கில், தேளின் நெஞ்சில் சிவப்பாக நிற்கும். ஏறத்தாழ 550 ஒளியாண்டு தொலைவில் உள்ள அதுவும் திருவாதிரையைப்போல் பெருஞ்செம்மீன். வெடிப்பை எதிர்நோக்கி நிற்பது. எங்கள் பக்கம் கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் கடலை நோக்கி நின்றால் அந்தத் திசையில் கட்டடங்கள் இருக்காது. இருகண்நோக்கியை நானே கொண்டு வருகிறேன்.